அன்றன்றைக்கு ஸ்தோத்திரம்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் என் தங்கச்சி, போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் செய்தாள். "அக்கா, படுக்கறதுக்கு முன்னாடி முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு சொல்லீட்டே இருக்கறேன். எதுக்கு ஸ்தோத்திரம்னு யோசிச்சா ஒண்ணுமே நெனப்புக்கு வரமாட்டீங்குது. எனக்கு நன்றியே இல்லியாட்ட இருக்குதுக்கா" என்றாள். சொல்லும்போதே அழுகை.

"நன்றியெல்லாம் இருக்குது கண்ணு. நாள் பூரா நின்னுட்டு வந்து, கண்ணு சொக்கற நேரத்துல தேடினா எப்படிக் கெடைக்கும்?" என்றேன். அப்புறம் அரை மணி நேரம் பேசினோம். அவளிடம் சொன்னதையும், போனை வைத்த பிறகு நினைவுக்கு வந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். படிக்கிற நீயும் எனக்குத் தங்கச்சிதான். அதனால் நீ என்றே சொல்கிறேன்.

எதற்காக என்று சொல்

ஸ்தோத்திரம் என்பது நம் வாயில் பல வேலை செய்கிற சொல். சபை வாசலில் ஒருவரைப் பார்த்தால் ஸ்தோத்திரம். போனை எடுத்தால் ஸ்தோத்திரம், வைக்கும்போதும் ஸ்தோத்திரம். ஜெபத்தில் அடுத்து என்ன சொல்வதென்று தெரியாத இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளவும் அதே சொல்தான். நல்ல சொல், தலைமுறை தலைமுறையாக நம்மைத் தாங்கிய சொல். ஆனால் தனியாக நின்றால் நம் மனசு அதைக் கேட்பதில்லை. அதனால் முதல் பழக்கம் இது: அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு 'க்காக' இருக்க வேண்டும்.

அந்த 'க்காக' எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். "இதை நேற்றும் இதேபோல் சொல்லியிருக்க முடியுமா?" என்று கேட்டுப் பார். 'நல்ல சுகத்துக்காக', 'குடும்பத்துக்காக' என்பதெல்லாம் நேற்றும் சொல்லலாம், அடுத்த வருஷமும் சொல்லலாம். தப்பில்லை, ஆனால் அதில் இன்றைக்கு இல்லை. எங்கள் வீட்டில் போன செவ்வாய்க்கிழமை விடியக்காலம் நாலு மணிக்கு நல்ல தண்ணி வந்தது. கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது விளங்கும். உப்புத் தண்ணி எந்நேரமும் உண்டு, நல்ல தண்ணிக்கு மட்டும் முறை. அன்றைக்கு எனக்கு முன்னாடியே என் மகன் எழுந்து இரண்டு குடம் பிடித்து வைத்திருந்தான். பிளாஸ்டிக் குடத்தின் வாயில் மூடி இல்லாததால் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தான். அந்தத் தட்டுக்காக ஸ்தோத்திரம் சொன்னேன். அதை நேற்று சொல்லியிருக்க முடியாது.

வேதத்திலேயே இதற்கு வழிகாட்டி இருக்கிறது. 136-ம் சங்கீதத்தை எடுத்துப் பார். 26 வசனம். ஒவ்வொன்றின் பின்பாதியும் ஒரே பல்லவி, அவருடைய கிருபைக்கு முடிவில்லை என்கிற பொருளில். நமக்கு மனப்பாடமாக இருப்பது அந்தப் பல்லவிதான். ஆனால் முன்பாதியைக் கவனி. தொடக்கத்தையும் முடிவையும் தவிர, பொதுவாகப் பேசுவதே குறைவு. வானம், தண்ணீருக்குமேல் பரப்பின பூமி, பகலுக்குச் சூரியன், இரவுக்குச் சந்திரன், பிளந்த செங்கடல், கடைசியில் சீகோன், ஓகு என்று ராஜாக்களின் பெயர் வரைக்கும் சொல்கிறது. பல்லவியை அப்படியே வைத்துக்கொள், முன்பாதியை உன் வீட்டிலிருந்து நிரப்பு. ஒரு நாளைக்கு மூன்று வரி போதும். பத்து எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் நாலாவது நாள் நோட்டை மூடிவிடுவாய்.

சங்கு ஊதும் நேரம்

எங்கள் அப்பா மில் தொழிலாளி. 1862-ல் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கிய ராபர்ட் ஸ்டேன்ஸ் என்பவர்தான் 1888-ல் கோயமுத்தூரின் முதல் நூற்பாலையையும் கொண்டுவந்தார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் வரிசையாகப் பெருகின. சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், உப்பிலிபாளையம் பக்கத்து வீடுகளில் ரொம்ப காலம் கடிகாரமே தேவைப்படவில்லை. மில் சங்கு ஊதினால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினோம், சங்கு ஊதினால் அடுப்பை மூட்டினோம்.

அப்பாவுக்குப் பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று மாறி மாறி வரும். நேரம் பார்த்து உட்கார்ந்து ஜெபிக்க வழியில்லை. அதனால் சங்குச் சத்தத்தையே பிடித்துக்கொண்டார். எங்கே இருந்தாலும், சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாலும், இறங்கித் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். ஒரே ஒரு வாக்கியம். "இன்னிக்கு நூல் அதிகமா அறுந்து போகாம ஓடுச்சு, ஸ்தோத்திரம் ஆண்டவரே." துண்டு மறுபடி தோளுக்குப் போய்விடும். அரை நிமிஷம்கூட ஆகாது.

பிறகு அந்த மில்லை மூடிவிட்டார்கள். வரவேண்டிய பணத்துக்காகப் பல வருஷம் அலைந்தார். சங்கு நின்றுபோயிற்று. ஆனால் சாயங்காலம் அந்த நேரம் வந்தால் அப்பா திண்ணையிலிருந்து எழுந்து துண்டை எடுப்பார். "இப்பத்தான் சங்கே இல்லியேப்பா" என்று ஒரு தடவை கேட்டேன். "நேரம் இருக்குதல்ல அம்மிணி" என்றார்.

தானியேல் 6:10-ஐ நான் அப்பாவை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். ஜெபம் செய்தால் சிங்கக் கெபி என்று சட்டம் போட்ட பிறகும், தானியேல் முன் செய்துவந்தபடியே ஒரு நாளைக்கு மூன்று வேளை முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் செலுத்தினார். 'முன் செய்துவந்தபடியே' என்பதுதான் விஷயம். நெருக்கடி வந்த அன்றைக்குப் புதிதாகத் தொடங்கியிருந்தால் அவருக்கும் வாய் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

உனக்குச் சங்கு இல்லை. குக்கர் விசில் இருக்கிறது. நல்ல தண்ணிக் குழாய் இருக்கிறது. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கால் தரையில் படும் நொடி இருக்கிறது. திருப்பூரில் என் தங்கச்சிக்குக் கம்பெனி டீ பெல். இவற்றில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடு. தினமும் நிச்சயமாக நடக்கிற காரியமாக இருக்க வேண்டும், நீ மனசு வைத்தால்தான் நடக்கும் என்பதாக இருக்கக் கூடாது. நான் முதல் விசிலை எடுத்துக்கொண்டேன். முதல் விசிலுக்கும் இரண்டாவது விசிலுக்கும் நடுவில் ஒரு 'க்காக'. ராத்திரி படுக்கைக்கு எதையும் மிச்சம் வைப்பதில்லை.

மறுநாளைக்கு வைக்காதே

இதுதான் எனக்கு மிகவும் முக்கியம், கொஞ்சம் நின்று படி.

வனாந்தரத்தில் கிடைத்த மன்னாவை மறுநாளைக்கு எடுத்து வைத்தவர்களுக்குப் புழுத்து நாறிப்போனது என்று யாத்திராகமம் 16 சொல்கிறது. இது எல்லாருக்கும் தெரியும். லேவியராகமம் 7-ம் அதிகாரத்தை நாம் அதிகம் படிப்பதில்லை. அங்கே சமாதான பலிகளுக்கான ஒழுங்கு வருகிறது. பொருத்தனைக்காகவோ உற்சாகத்தினாலோ கொண்டுவந்த பலியின் இறைச்சியை மறுநாளும் சாப்பிடலாம். நன்றி சொல்வதற்காகக் கொண்டுவந்தது மட்டும் அன்றைக்கே சாப்பிட்டு முடிய வேண்டும், விடியும்வரை துண்டுகூட மிச்சம் இருக்கக் கூடாது.

ஒரு முழு ஆட்டை ஒரு குடும்பம் ஒரே நாளில் சாப்பிட்டுத் தீர்க்க முடியுமா? முடியாது. அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிட்டால் "என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள், ஆண்டவர் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும். நன்றி என்பது தனியாக மென்று விழுங்க முடியாதபடி அந்தச் சட்டமே அமைந்திருக்கிறது. இது புரிந்த நாளிலிருந்து நான் இரண்டு காரியத்தை மாற்றிக்கொண்டேன்.

ஒன்று, நல்லது நடந்த அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள் ஒருவரிடமாவது சொல்லிவிடுவது. மகளுக்கு மார்க் வந்ததா, வீட்டுக்காரரின் லேத் பட்டறைக்கு நின்றுபோன ஆர்டர் திரும்ப வந்ததா, அன்றைக்கு வைத்த குழம்பில் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போகும், காரணத்தோடு. பக்கத்து வீட்டு அக்கா மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். "உங்க சாமி செஞ்சுதாக்கும்? சந்தோசம்" என்று வாங்கிக்கொள்வார். அவர் வீட்டுப் பொங்கல் எனக்கு வரும்.

இரண்டாவது, சபையில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர். முன்பெல்லாம் பெயரும் தொகையும் எழுதிப் போட்டுவிடுவேன். இப்போது காரணத்தை எழுதுகிறேன், தொகை சின்னதாக இருந்தாலும். பிறந்தநாள், கல்யாண நாள் என்று வருஷத்தில் இரண்டு கவரோடு நிற்க வேண்டியதில்லை. 'காய்ச்சல் மூன்றாம் நாள் விட்டதற்காக' என்று ஐயர் வாசிக்கும்போது, பின் பெஞ்சில் காய்ச்சல் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு தாய் நிமிர்ந்து பார்ப்பாள். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் மொத்த வருஷத்துக்கும் சேர்த்துச் சாட்சி சொல்லலாம் என்று வைத்திருந்தால் பாதி மறந்துபோகும், மீதி பொதுவாகிவிடும்.

மறக்காமல் இருக்க என்ன செய்வது? அதற்குக் காலண்டர் தாள். நம் வீடுகளில் தினம் ஒரு வசனம் போட்ட கிழிக்கும் காலண்டர் இருக்குமே, கிழித்த தாளைக் குப்பையில் போடாதே. பின்பக்கம் வெறுமையாக இருக்கும். பென்சிலால் அன்றைய ஒரு 'க்காக' எழுதி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடு. முன்பக்கம் தேதி தானாகவே இருக்கிறது. யோர்தானைக் கடந்தபோது ஆற்று நடுவிலிருந்து பன்னிரண்டு கல்லை எடுத்து நாட்டி வைத்தார்களே, யோசுவா 4-ல், பிள்ளைகள் பின்னால் கேட்டால் சொல்வதற்காக. அதைப்போல் இது. நன்றியை அன்றைக்கே செலுத்தியாயிற்று, பாட்டிலில் கிடப்பது ஞாபகம்.

அரிசிப் பானைப் பக்கத்தில் ஒரு டப்பா

மனசு மரத்துப்போகிற நாட்கள் உண்டு. வாயும் வராது, பென்சிலும் ஓடாது. அன்றைக்குக் கை செய்யட்டும். உலைக்கு அரிசி அளக்கும் முன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவது பாட்டி காலத்துப் பழக்கம். எங்கள் குடும்பம் லண்டன் மிஷன் வழி வந்தது, 1830-ல் அடிஸ் ஐயர் கோயமுத்தூருக்கு வந்து தொடங்கிய ஊழியம். பாட்டியிடம் காசு இருந்ததில்லை, பிடி அரிசி இருந்தது. மிசோரத்தில் சபைப் பெண்கள் இதையே நூறு வருஷத்துக்கும் மேலாகச் செய்கிறார்கள். வேளைக்கு ஒரு பிடி என்று ஒதுக்கி, சேர்ந்ததை விற்று ஊழியத்துக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பிடி அரிசியே அங்கே திருச்சபைப் பணிக்குப் பெரிய தாங்கல்.

என் கைக்கு ஒரு வேளைப் பிடி மாசக் கடைசியில் ஒன்றரைக் கிலோ பக்கம் சேர்கிறது. யாருக்குக் கொடுப்பது என்பதை மாச ஆரம்பத்திலேயே தீர்மானித்துவிடு, இல்லாவிட்டால் வண்டு வந்துவிடும். நீ சாப்பிடும் அரிசியையே எடு. வீட்டுக்குப் பொன்னி, டப்பாவுக்கு ரேஷன் என்று வேண்டாம். மாசக் கடைசியில் பானையின் அடி தெரியும்போது பிடியை நிறுத்தத் தோன்றும். யோவான் 6-ல் ஆண்டவர் எப்போது ஸ்தோத்திரம் செய்தார் என்று பார். ஐந்து அப்பமும் ஐயாயிரம் பேரும் எதிரெதிரே இருந்தபோது. பெருகின பிறகு அல்ல.

வலிக்கிற நாளில்

1 தெசலோனிக்கேயர் 5:18-ல் பவுல் எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யச் சொல்கிறார். எல்லாவற்றிலும் என்பது வேறு, எல்லாவற்றுக்காகவும் என்பது வேறு என்று ஆறுதல் சொல்வார்கள். ஆனால் எபேசியர் 5:20-ல் எல்லாவற்றுக்காகவும் என்ற கருத்தும் இருக்கிறதே என்று நீ கேட்பாய். இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், நான் முதல் படியில்தான் நிற்கிறேன்.

இரண்டாவது படியில் ஏறிய ஒரு அக்காவை எனக்குத் தெரியும், புத்தகம் வழியாக. ஹாலந்தில் ஹார்லெம் ஊரில் யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்ததற்காக 1944-ல் கைதான பேட்சி டென் பூம். தங்கை கோரியோடு ராவன்ஸ்புரூக் முகாமில் அடைத்தார்கள். படுக்கையெல்லாம் தெள்ளுப்பூச்சி. பேட்சி இதே தெசலோனிக்கேயர் பகுதியைப் பிடித்துக்கொண்டு தெள்ளுப்பூச்சிக்கும் சேர்த்து நன்றி சொல்லச் சொன்னார். தங்கைக்கு மனசு ஒப்பவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்தப் பூச்சிக்குப் பயந்தே காவலர்கள் உள்ளே வருவதில்லை என்று. அதனால்தான் ராத்திரி வேதம் வாசிக்க முடிந்தது. பேட்சி அந்த வருஷம் டிசம்பர் 16-ம் தேதி அங்கேயே இறந்துபோனார். கோரி வெளியே வந்து உலகமெல்லாம் இதைச் சொன்னார்.

இந்தச் சம்பவத்தைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். பேட்சியைக் கடித்த பூச்சிக்குப் பேட்சி நன்றி சொன்னார். வெளியே நின்ற ஒருவர் அவரைச் சொல்ல வைக்கவில்லை.

எங்கள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பார்க்க வந்த ஒருவர் "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லும்மா, அழாதே" என்று என் தோளைத் தட்டினார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு ராத்திரி என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. தயவுசெய்து நீ யாருக்கும் அப்படிச் சொல்லாதே. டிபன் கேரியரைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார். நன்றி சொல்கிறதா இல்லையா என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது.

நீயே அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தால், முதலில் முறையிடு. 13-ம் சங்கீதம் அப்படித்தான் தொடங்குகிறது, இன்னும் எத்தனை நாள் என்று நாலு தடவை கேட்ட பிறகே பாட்டுக்கு வருகிறது. ஆபகூக் 3-ன் கடைசியும் அத்திமரம் துளிர்க்கவில்லை, தொழுவத்தில் மாடில்லை என்று இல்லாததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் மகிழ்ச்சியைப் பேசுகிறது. நானும் அந்த மாசம் காலண்டர் தாளில் புகாரைத்தான் எழுதினேன். ஒன்பதாம் நாள் அம்மா அரை டம்ளர் கஞ்சியை இருமாமல் விழுங்கினார். டம்ளரின் உள்பக்கம் கஞ்சி இறங்கிய கோடு தெரிந்தது. அந்தக் கோட்டுக்காக என்று எழுதினேன். நோய்க்காக எழுதவில்லை, இன்றைக்கும் எழுத முடியாது.

ஆட்களின் பெயர்

லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், ஒருவன் திரும்பி வந்தான், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேரும் நன்றி கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்கு ஓடியிருப்பார்கள், பெண்டாட்டி பிள்ளையைப் பார்த்து எத்தனை காலமோ! ஆனால் ஆண்டவர் அவர்களைக் கேட்டார். திரும்பி நடக்கும் அந்தத் தூரத்தை அவர் எதிர்பார்க்கிறார்.

"ஆண்டவருக்குச் சொல்லிட்டேன்" என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அவர் யார் கையில் கொடுத்தனுப்பினாரோ அந்தக் கையும் காத்திருக்கிறது. ரோமர் 16-ஐப் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப் போகாதே. பெபேயாள், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்று பலரைப் பெயரோடும், அவர்கள் செய்ததோடும் பவுல் சொல்கிறார். ரூபுவின் தாயைத் தனக்கும் தாய் என்கிறார். மாசத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உன் ரோமர் 16-ஐ எழுது. எங்கள் தெருவில் குப்பை எடுக்க வரும் அம்மாவின் பெயர் எனக்கு ஆறு வருஷமாகத் தெரியாமலே இருந்தது. பட்டியல் எழுத உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது. மறுநாள் கேட்டேன். இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், வெயில் நாளில் ஒரு சொம்பு மோர் கொடுக்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்றே ஒன்று. சாப்பாட்டு நேரத்தில் "இன்னிக்கு எதுக்கு நன்றி, சொல்லு பார்க்கலாம்" என்று பரீட்சை வைக்காதே. நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டுச் சாப்பிடு. மழைக்கு லீவு விட்டதற்காக என்று ஒருநாள் என் மகள் தானாகச் சொன்னாள். ஆமென் என்றேன்.

தங்கச்சி, போனில் பேசிய மறுநாள் ராத்திரி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். பின்னால் தையல் மிஷின் சத்தம், ஓவர்டைம் போல. டீ பெல் அடிக்கும்போது சொன்னதாம்: பக்கத்து டேபிள் அக்கா அவளுடைய பீஸ் இருபதைத் தானே பார்த்துக் கொடுத்ததற்காக, ஆண்டவர் காக்கிற பாதுகாப்புக்காக. "மூணாவது கெடைக்கலக்கா" என்றாள். இரண்டாவது என் சோதனையில் தேறாது. நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, "போதும் சாமி, போய்ப் படு" என்று பதில் போட்டேன்.